தன்னார்வலர்கள் நடத்தும் ரசிகர் அமைப்பின் நிர்வாகக் குழுவுக்கு யாருக்கு ஓட்டுப் போடுவது?

இரண்டு இடம், நான்கு பேர் போட்டி, நால்வருமே தீவிர ரசிகர்கள், எப்படி முடிவு செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எவ்வளவு தீவிர ரசிகர் என்று பார்ப்பதை முதலில் விட்டுவிடுங்கள்.

நான் ஒரு சின்ன ரசிகர் அமைப்பில் சில வருடங்களாகத் தன்னார்வலர். முதல் தேர்தலில், மொழிபெயர்ப்புக் குழுவில் ராப்பகலாக உழைத்த ஒரு தோழிக்கு ஓட்டுப் போட்டேன். ஜெயித்தார். அன்றோடு மொழிபெயர்ப்பு படுத்துவிட்டது. நிர்வாகக் குழுக் கூட்டத்திலோ, வரவு செலவுக் கணக்கு வந்தால் அவரிடமிருந்து சத்தமே வராது. அவர் மேல் தப்பில்லை. உழைப்புக்குப் பரிசாக அவருக்குப் பிடிக்காத வேலையைத் தலையில் கட்டியது நாங்கள்தான்.

நிர்வாகக் குழுவின் வேலையில் ரசிப்பதற்கு எதுவும் இல்லை. பட்ஜெட்டைப் படிக்க வேண்டும், இரண்டு குழுக்கள் முட்டிக்கொண்டால் பஞ்சாயத்து பண்ண வேண்டும், சட்டச் சிக்கல் வந்தால் தூக்கம் கெட வேண்டும். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு.

பெரிய அமைப்பு என்றால் 2007-ல் தொடங்கிய ஆர்கனைசேஷன் ஃபார் டிரான்ஸ்ஃபார்மேட்டிவ் வொர்க்ஸைப் பாருங்கள். தங்களுக்குப் பிடித்த படம், புத்தகங்களின் பாத்திரங்களை வைத்து ரசிகர்களே எழுதும் கதைகளுக்கான 'ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்' தளம் இவர்களுடையதுதான். நிர்வாகக் குழுவில் ஏழு இடங்கள், பதவிக்காலம் மூன்று வருடம். ஏழும் ஒரே சமயத்தில் காலியாகாமல், வருடத்துக்குச் சில இடங்களுக்கு மட்டும் தேர்தல் வரும். பத்து டாலராவது நன்கொடை கொடுத்து உறுப்பினரானவர்களுக்கே ஓட்டு. இத்தனை ஏற்பாடு இருந்தும், 2015 தேர்தலில் புதிதாக இருவர் வென்ற கொஞ்ச நாளிலேயே நிர்வாகக் குழுவில் இருந்த பழையவர்கள் மொத்தமாக ராஜினாமா செய்தார்கள். இரண்டு பேருக்கு ஓட்டுப் போடுகிறோம் என்று நினைத்தவர்கள், உண்மையில் அமைப்பையே அந்த இருவர் கையில் கொடுத்திருந்தார்கள்.

அதனால் வேட்பாளரைப் பார்க்கும்போது என் மனதில் ஓடுவது ஒன்றுதான்: நாளைக்கு மற்றவர்கள் எல்லோரும் போய்விட்டால் இவர் என்ன செய்வார்?

வாக்குறுதிகளை நான் படிப்பதே இல்லை. வெளிப்படைத்தன்மை வேண்டும் என்று நால்வரும் எழுதியிருப்பார்கள், வேண்டாம் என்று யார் எழுதப்போகிறார்? அதற்குப் பதிலாக, 'ஒரு முடிவு உங்களுக்குப் பிடிக்காமல் போனபோது என்ன செய்தீர்கள்?' என்று கேளுங்கள். பேசிப் பார்த்தேன், தோற்றேன், அப்புறம் அந்த முடிவுப்படியே வேலை செய்தேன் என்பவர் எனக்குப் பிடிக்கும். கோபித்துக்கொண்டு குழுவை விட்டு வெளியேறியதைப் பெருமையாகச் சொல்பவருக்கு என் ஓட்டு கிடையாது. அடுத்து, பதவிக்கு வந்தால் இப்போது செய்யும் எந்த வேலையை விடுவீர்கள் என்று கேளுங்கள். 'எதையும் விட மாட்டேன்' என்று பதில் வந்தால் உஷார். ஆறே மாதத்தில் களைத்துப்போய் எல்லாவற்றையும் விடுவார்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம்: மின்னஞ்சலுக்குப் பதில் போடுகிறவரா என்று அவரோடு வேலை செய்தவர்களிடம் விசாரியுங்கள். கேட்கச் சில்லறைத்தனமாக இருக்கும். ஆனால் எங்கள் பழைய பொருளாளர் பதில் போடாததால் வங்கிக் கணக்கில் கையெழுத்தை மாற்றவே மாதக்கணக்கில் இழுத்தது.

உங்களுக்காவது நான்கு பேர் நிற்கிறார்கள். எங்கள் அமைப்பில் இந்த முறை மூன்று இடம், நிற்பதும் மூன்றே பேர். சரி, ஜெயிக்கப்போவது உறுதி என்றாலும் கேள்விகளை அனுப்பிவைத்தேன். இரண்டு பேர் பதில் போட்டுவிட்டார்கள்.