இரண்டாவது லிட்டர்

அன்புள்ள ஐயா,

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். வயது 29. சம்பளத்துக்குக் குறையில்லை. ஆனால் எல்லாரும் போகிற பாதையில் ஆட்டுமந்தை மாதிரி போய்க்கொண்டிருக்கிறேன் என்று தினமும் தோன்றுகிறது. என் முழுத்திறனில் பத்தில் ஒரு பங்கைக்கூட இந்த வேலை கேட்பதில்லை. வேலையை விட்டுவிட்டு ஊரில் மரச்செக்கு எண்ணெய்த் தொழில் தொடங்கலாம் என்றிருக்கிறேன். கையில் ஏழு லட்சம் இருக்கிறது. மீதி ஐந்து லட்சத்துக்கு வங்கிக் கடன் வாங்க வேண்டும். கணக்கும் போட்டு இணைத்திருக்கிறேன். அப்பா அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். விஷயத்தைச் சொன்னதிலிருந்து இரண்டு மாதமாக என்னோடு பேசுவதில்லை. தொழிலில் ஜெயித்தவர்கள் எல்லாரும் ஒரு கட்டத்தில் துணிந்து குதித்தவர்கள்தானே? அந்தத் துணிச்சல் எனக்கு வர என்ன செய்வது?

(பெயர் வேண்டாம்)

(கடிதம் சுருக்கப்பட்டிருக்கிறது.)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்று பக்கம் உங்களைப் பற்றி, முக்கால் பக்கம் அப்பாவைப் பற்றி. எண்ணெய் வாங்கப் போகிறவர்களைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கிறது: "தரமாக இருந்தால் மக்கள் தேடி வந்து வாங்குவார்கள்." அந்த வரியைப் படித்ததும் எனக்கு 1997 ஞாபகம் வந்துவிட்டது. முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கும் ஏறக்குறைய உங்கள் வயது. ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தமிழில் பிழையில்லாமல், அழகாக அச்சுக் கோக்க என்னைவிட்டால் ஆளில்லை என்று ஒரு நினைப்பு. வேலையை விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு டிடிபி சென்டர் போட்டேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் நோட்டீஸ், கடை பில் புக். வேலை வந்தது. நன்றாகவே வந்தது. வராதது பணம்.

ஒரு அரிசி மண்டிக்காரர் பில் புக் அடித்த வகையில் 1,400 ரூபாய் தர வேண்டியிருந்தது. போனால் உட்காரச் சொல்வார், டீ வாங்கிக் கொடுப்பார், பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பார், "செவ்வாய்க்கிழமை வாங்க தம்பி" என்பார். பதினோரு டீ குடித்தேன். பன்னிரண்டாவது தடவை போக வெட்கமாக இருந்தது, போகவில்லை. அந்த 1,400 இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. பத்தொன்பதாவது மாதம் கடையை மூடியபோது வரவேண்டிய பாக்கி நோட்டில் 38,000 சொச்சம். தரவேண்டிய பாக்கியும் கிட்டத்தட்ட அதே அளவு. என்னிடம் திறமை இல்லை என்று இன்றைக்கும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்தக் கடைக்குத் தேவைப்பட்ட திறமை வேறு: சிரித்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்து, பணத்தை வாங்காமல் எழுந்திருக்காத திறமை. அது என்னிடம் இல்லை என்பது கடை போட்ட பிறகுதான் தெரிந்தது.

முழுத்திறன் என்கிறீர்களே, அது ஒரு பாத்திரத்தில் அடைத்து வைத்திருக்கிற சாமான் மாதிரியும், வேலைதான் அதற்கு மூடி மாதிரியும் எழுதியிருக்கிறீர்கள். மூடியைத் திறந்தால் பொங்கிவிடும் என்று நானும் நம்பினேன்.

சரி, நீங்கள் சொல்கிற "குதித்தவர்களை" எடுத்துக்கொள்வோம். தைரோகேர் என்ற ரத்தப் பரிசோதனை நிறுவனத்தைத் தொடங்கிய வேலுமணியின் பேச்சைக் கேட்காத இளைஞர் இப்போது கோவைப் பக்கத்தில் இல்லை. கிராமத்துப் பிள்ளை, பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் மத்திய அரசு வேலை, 14 வருடம் கழித்து அதை உதறிவிட்டு 1996-ல் மும்பை பைக்குலாவில் ஒரு சின்ன ஆய்வகம், 2016-ல் பங்குச் சந்தை, 2021-ல் அதன் பெரும்பான்மைப் பங்குகள் 4,500 கோடிக்கு மேல் விற்பனை. மேடையில் கேட்கும்போது நம் காதில் விழுவது "உதறிவிட்டு" என்ற சொல் மட்டும்தான். ஆனால் அந்த 14 வருடமும் அவர் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்? வேலையில் இருந்தபடியே தைராய்டு உயிர்வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கினார். அந்த ரத்தப் பரிசோதனை எப்படி நடக்கிறது, எதற்கு எவ்வளவு செலவாகிறது, ஒன்று செய்தால் என்ன, ஆயிரம் செய்தால் என்ன என்று உள்ளே இருந்து பார்த்தார். ஊர் ஊராக ஆய்வகம் வைக்காமல், ரத்த மாதிரிகளை விமானத்தில் மும்பைக்கு வரவழைத்து ஒரே இடத்தில் சோதித்தால் கட்டணத்தைப் பாதிக்கும் குறைவாக ஆக்கலாம் என்ற யோசனை, வேலையை வெறுத்துக்கொண்டிருந்த ஆளுக்கு வந்திருக்காது. இன்னொன்றும் கவனியுங்கள். அவர் மனைவி ஸ்டேட் வங்கியில் வேலை பார்த்தவர். பிறகு அவரும் அதை விட்டுவிட்டு ஆய்வகத்துக்கே வந்தார். குதித்தது இரண்டு பேர், அதுவும் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு.

இது புதிய சங்கதியும் இல்லை. பர்மாவில் லேவாதேவி என்கிற வட்டித் தொழில் செய்த நகரத்தார் வீட்டுப் பையன்கள் எடுத்த எடுப்பில் முதலாளி ஆனதில்லை. கிட்டங்கி என்கிற தொழிற்கூடத்தில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைசிப் படி எடுபிடியாகப் போய் உட்கார வேண்டும். அப்புறம் அடுத்தாள், அப்புறம் மேலாள். மூன்று வருடம், இன்னொரு மூன்று வருடம் என்று அடுத்தவர் பெட்டியைக் காத்து, வட்டிக் கணக்கும் மனிதர் கணக்கும் பழகிய பிறகுதான் சொந்தமாகக் கடை வைக்கிற பேச்சு. அந்த வீடுகளில் தொழில்தான் எல்லாரும் போகிற பாதை. மாதச் சம்பளத்துக்குப் போகிறேன் என்று ஒரு பையன் சொல்லியிருந்தால் அவன் அப்பாவும் இரண்டு மாதம் பேசாமல் இருந்திருப்பார்.

இங்கே உங்கள் அப்பாவுக்கு வருகிறேன். தாத்தா குத்தகை நிலத்தில் பாடுபட்டவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டிலிருந்து ஒருவர் காக்கிச் சட்டை போட்டு, மாதம் பிறந்தால் சம்பளம் என்று ஆனபோது, அவர் எல்லாரும் போன பாதையிலா போனார்? உங்கள் குடும்பத்தில் பாதை மாறிய முதல் ஆள் அவர்தான். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வருகிற பணம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். அதை ஆட்டுமந்தை என்று அவர் எதிரிலேயே சொல்லியிருந்தீர்களானால், அவர் பேசாமல் இருப்பது எண்ணெய்க்காக இல்லை. போய் மன்னிப்புக் கேளுங்கள். இதற்கும் தொழிலுக்கும் சம்பந்தமில்லை என்று நினைக்காதீர்கள். முப்பது வருடம் தினமும் டிக்கெட் கிழித்து, சில்லறை எண்ணி, நூறு விதமான ஆட்களிடம் காசு வாங்கிய ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். எனக்கு அப்படி ஒருவர் இருந்திருந்தால் அந்த மண்டிக்கு அவரை அனுப்பியிருப்பேன்.

இப்போது உங்கள் கணக்கு. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டரைக் கிலோ பருப்பு, கிலோ 120 வீதம் 300 ரூபாய், புண்ணாக்கு ஒன்றரைக் கிலோ மிஞ்சும், அதில் 60 திரும்பி வரும், ஆக அடக்கம் 240, விற்பது 340, லிட்டருக்கு நூறு ரூபாய் லாபம். கணக்கு தப்பில்லை, பாதியில் நிற்கிறது. வாடகை, கரண்ட், பாட்டில், லேபிள், ஆள் கூலி, ஐந்து சதவீத ஜிஎஸ்டி எல்லாம் அந்த நூறுக்குள்தான் உட்கார வேண்டும். அறுவடைச் சமயத்தில் விலை இறங்கும்போது பருப்பை வாங்கிப் போட்டால்தான் 120 கட்டுப்படியாகும். அதற்கு மொத்தப் பணமும் அன்றைக்கே கையில் வேண்டும். நீங்களோ ஏழில் ஆறரை லட்சத்தை செக்கிலும் கொட்டகையிலும் போட்டுவிட்டீர்கள். அப்புறம், சொத்தைப் பருப்பும் பூஞ்சை பிடித்ததும் உட்கார்ந்து பொறுக்க ஆள் வேண்டும். பத்துக் கிலோவில் ஒரு கைப்பிடி தப்பினாலும் அடுத்த மாதம் காறல் வாடை வரும். ஆட்டிய எண்ணெயை இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்து, கசடு அடியில் படிந்த பிறகு தெளிவை மட்டும் இறுத்தெடுக்க வேண்டும். நவம்பர் மாதத்து மழையில் ஒரு வாரம் வெயிலே இல்லையென்றால் என்ன செய்வீர்கள் என்று கணக்கில் காணோம்.

கடைகளுக்குப் போட்டால் இன்னொரு தலைவலி. சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-லிருந்து சட்டமே இருக்கிறது, மத்திய அரசின் சிறுதொழில் பதிவான உத்யமில் பதிவு செய்திருந்தால் நீங்கள் கேட்கலாம். கேட்டுப் பாருங்கள். பணம் வரும், அடுத்த ஆர்டர் வராது. பணம் வந்தாலும் வராவிட்டாலும், பில் போட்டாயிற்று என்றால் ஜிஎஸ்டியை நீங்கள் கட்டியாக வேண்டும்.

கடன், மானியம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மாவட்டத் தொழில் மையத்தில் தமிழக அரசின் நீட்ஸ் (NEEDS) திட்டம் இருக்கிறது. படித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கானது, திட்ட மதிப்பில் 25 சதவீதம் மானியம். போய் விசாரியுங்கள், நல்ல திட்டம். ஆனால் அதை நம்பி மட்டும் இறங்காதீர்கள்.

நான் முக்கியமாகக் கேட்க நினைப்பது வேறு. முதல் லிட்டரை யார் வேண்டுமானாலும் விற்றுவிடலாம். அத்தை வாங்குவார், ஆபீஸ் நண்பர்கள் பத்துப் பேர் வாங்குவார்கள், ஸ்டேட்டஸ் பார்த்துவிட்டுப் பழைய வாத்தியார் வாங்குவார். அது போணி. இரண்டாவது லிட்டரைக் கேட்டு யார் போன் செய்கிறார்கள்?

கெவின்கேர் நிறுவனத்தைத் தொடங்கிய கடலூர் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு தனியாக வந்து ஷாம்பு தொடங்கினார். அவர் விட்டு வந்தது வேலையை இல்லை, குடும்பத் தொழிலை. அந்தக் குடும்பத்தின் தொழிலே ஷாம்புதான். பாக்கெட்டில் அடைத்து விற்பதில் அவருடைய அப்பா சின்னி கிருஷ்ணன் முன்னோடி. "சிக்" என்ற பெயரே அப்பா பெயரிலிருந்து எடுத்ததுதான். அந்த சிக் ஷாம்புக்கு அவர் ஒரு திட்டம் கொண்டுவந்தார். எந்தக் கம்பெனி ஷாம்பாக இருந்தாலும் சரி, இத்தனை காலி பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். வீடுகளில் எல்லாரும் சிக் போட்டுக் குளித்துப் பார்த்தார்கள். கொஞ்ச நாள் கழித்து விதியை மாற்றினார்: இனிமேல் சிக் காலி பாக்கெட்டுக்கு மட்டும்தான் இலவசம். முதல் விதி தலையில் தேய்க்க வைத்தது, இரண்டாவது விதி திரும்பிக் கடைக்கு வர வைத்தது. எனக்கு அந்த 15,000 ரூபாயைவிட இந்த விதி மாற்றம்தான் பெரிதாகத் தெரிகிறது. அது மேடையில் சொன்னால் கைதட்டல் வாங்கக்கூடிய சமாச்சாரம் இல்லை, அதனால் யாரும் அதிகம் சொல்வதில்லை.

ஆகவே துணிச்சல் வருவதற்கு என்னிடம் வழி இல்லை, இருந்தாலும் இப்போதைக்குத் தரமாட்டேன். ராஜினாமாக் கடிதம் எழுத அரைமணி நேரம் போதும், அது எங்கேயும் ஓடிவிடாது. சனி ஞாயிறு ஊருக்குப் போகிறீர்கள் அல்லவா? உங்கள் ஊரில் ஏற்கெனவே செக்கு வைத்திருக்கிறவர் ஒருவராவது இருப்பார். உங்கள் பருப்பைக் கொண்டுபோய்க் கூலிக்கு ஆட்டி வாங்குங்கள். ஓரமாக நின்று அவர் எப்போது தண்ணீர் தெளிக்கிறார், உலக்கை எப்போது திணறுகிறது, புண்ணாக்கை யார் வந்து எடுத்துப் போகிறார்கள் என்று பாருங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவை மட்டும் முதலிலேயே எடுத்துவிடுங்கள். சொந்தக்காரர், நண்பர் யாரும் இல்லாத இருபது வீடுகளுக்கு, முழு விலைக்கு, ரொக்கத்துக்கு விற்றுப் பாருங்கள். ஆறு மாதம். பொறுக்கி, ஆட்டி, வெயிலில் வைத்து, கொண்டுபோய்க் கொடுத்து, காசு வாங்கி, அந்த வேலை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்றும் அப்போதுதான் தெரியும். பிடிக்காமல் போனால் அதில் அவமானம் ஒன்றுமில்லை. உங்களுக்குப் பிடிக்காதது மென்பொருளா, உங்கள் மேனேஜரா என்று யோசிக்கவும் அவகாசம் கிடைக்கும். இருபதில் ஒரு பன்னிரண்டு வீடு மாதாமாதம் கேட்டு வாங்கினால், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போங்கள். வரவு செலவு பார்க்கத் தெரிந்தவர் அவர்.

எங்கள் வீட்டில் மாதம் இரண்டு லிட்டர் கடலை எண்ணெய் செலவாகிறது. முகவரியைத் தனியாக மின்னஞ்சலில் அனுப்புகிறேன். இலவசமாக அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன், பில் போட்டு அனுப்புங்கள். முதல் லிட்டருக்கான பணம் அன்றைக்கே வந்துவிடும். இரண்டாவதைக் கேட்டு வீட்டிலிருந்து போன் வருகிறதா என்று பாருங்கள்.