பெட்ரோல் செலவைக் குறைக்க என்ன வழி? பட்டறைக்காரரின் கேள்வி பதில்

திருச்சியில் 27 வருடமாக இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கிறேன். 2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியது. அன்றிலிருந்து ஆயில் மாற்ற வருகிறவர்கள்கூட முதலில் மைலேஜைத்தான் கேட்கிறார்கள். வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வண்டி சம்பந்தமாக எது வேண்டுமானாலும் கேளுங்கள். கணக்குக்கு லிட்டர் 101 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

கேள்வி (தஞ்சாவூர், பள்ளி ஆசிரியை): அண்ணா, ஸ்கூட்டரில் தினமும் 36 கி.மீ. போய் வருகிறேன். முன்பு லிட்டருக்கு 50 கி.மீ. கொடுத்தது, இப்போது 40தான். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: சகோதரி, முதலில் அந்த 40 எப்படிக் கிடைத்தது என்று பாருங்கள். மீட்டர் காட்டும் எண் ஒரு உத்தேசம்தான். பங்க்கில் முனை தானாக நிற்கும் வரை நிரப்புங்கள், ஓடிய கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 150 கி.மீ. ஓட்டிவிட்டு அதே பங்க்கில் திரும்ப அதே மாதிரி நிரப்புங்கள். ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுத்தால் உண்மையான மைலேஜ். இரண்டு தடவை செய்து சராசரி எடுங்கள்.

மாதம் 25 நாள் என்றால் 900 கி.மீ. வருகிறது. 50 கொடுத்தால் 18 லிட்டர், 1,818 ரூபாய். 40 என்றால் இருபத்திரண்டரை லிட்டர், 2,272 ரூபாய். மாதம் 450 ரூபாய் எங்கேயோ ஒழுகுகிறது.

எங்கே என்பதை வீட்டு வாசலிலேயே பார்க்கலாம். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போடுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு, பின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். தடையில்லாமல் ஓடி மெதுவாக நிற்க வேண்டும். ‘சர்ர்’ என்று உரசிக்கொண்டு பாதியில் நின்றால் பிரேக் ஷூ டிரம்மைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு நட்டைத் தளர்த்தினால் சரியாகிவிடும், பத்து நிமிட வேலை. இப்படிப் பிரேக் பிடித்தபடியே மாதக்கணக்கில் ஓடும் வண்டிகளை வாரம் இரண்டையாவது பார்க்கிறேன்.

அடுத்தது டயர் காற்று. காலையில் டயர் சூடாகும் முன், வாரம் ஒரு முறை. எத்தனை பவுண்டு என்பது வண்டியின் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்கு வேறு அளவு. பங்க்குகளில் காற்று இலவசம், கூச்சப்படாமல் கேளுங்கள். அப்புறம் ஏர் ஃபில்டர். தஞ்சாவூர்ச் சாலைத் தூசிக்குக் கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வரை காத்திருக்க வேண்டாம்.

இவ்வளவும் சரியாக இருந்தால் மிச்சம் உங்கள் வலது கையில் இருக்கிறது. 45–50 வேகத்தில் சீராகப் போங்கள். சிக்னல் சிவப்பு என்று தூரத்திலேயே தெரிந்தால் அங்கேயே ஆக்சிலேட்டரை விட்டுவிடுங்கள். கடைசி வரை முறுக்கிக்கொண்டு போய்ப் பிரேக் அடித்தால் அத்தனை பெட்ரோலும் பிரேக்கில் சூடாகிப் போய்விடும்.

கேள்வி (கரூர்): அதிகாலையில் பெட்ரோல் போட்டால் அளவு கூடுதலாகக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. ஒரு டிகிரி வெப்பம் கூடினால் பெட்ரோல் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும், அது உண்மை. ஆனால் பங்க்கின் டேங்க் பூமிக்குள் இருக்கிறது. காலைக்கும் மதியத்துக்கும் அங்கே வெப்பம் பெரிதாக மாறாது. ஒரு டிகிரி மாறினாலும் 5 லிட்டருக்கு வித்தியாசம் 5 மில்லிதான். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த நேரத்தில் டயருக்குக் காற்று பாருங்கள்.

கேள்வி (சேலம், கார் வைத்திருப்பவர்): ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது நியூட்ரல் போட்டு இறங்குகிறேன். நண்பர்கள் இன்ஜினையே அணைத்துவிடச் சொல்கிறார்கள்.

பதில்: இரண்டையும் இன்றோடு நிறுத்துங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஃப்யூல் இன்ஜெக்ஷன் (கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைத் தெளிக்கும்) வண்டியில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டால், சக்கரமே இன்ஜினைச் சுற்றும். கம்ப்யூட்டர் பெட்ரோலை முழுக்க நிறுத்திவிடும். நியூட்ரல் போட்டாலோ இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடித்தே ஆக வேண்டும். ஆக, மிச்சம் என்று நீங்கள் நினைப்பது உண்மையில் செலவு.

அதைவிட முக்கியம் உயிர். சேலம் பக்கம் 20 கொண்டை ஊசி வளைவுகள். நியூட்ரலில் இன்ஜின் பிடி இல்லை, மொத்த எடையும் பிரேக்கின் தலையில். சூடேறிய பிரேக் ஒரு கட்டத்துக்கு மேல் பிடிக்காது. இன்ஜினை அணைத்தால் பிரேக்குக்கு உதவும் வாக்குவமும் பவர் ஸ்டீயரிங்கும் போய்விடும், சாவியைத் தவறிப் பின்னால் திருப்பி எடுத்தால் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளும். இரண்டாவது கியரில் இறங்குங்கள். பைக்குக்கும் இதேதான்.

கேள்வி (கடலூர்): புதுச்சேரியில் விலை குறைவு. அங்கே போய் நிரப்பினால் லாபமா?

பதில்: அங்கே வாட் வரி குறைவு, அதனால் லிட்டருக்குச் சில ரூபாய் வித்தியாசம் இருக்கிறது. கடலூரிலிருந்து போய் வரச் சுமார் 45 கி.மீ., அதற்கே ஸ்கூட்டர் ஒரு லிட்டர் குடிக்கும். வித்தியாசம் ஐந்து ரூபாய் என்று வைத்தாலும் 5 லிட்டர் போட்டு மிச்சமாவது 25 ரூபாய், போக வர 100 ரூபாய். வேலையாகப் போனால் நிரப்பிக்கொண்டு வாருங்கள், அதற்கென்று போகாதீர்கள். கேனில் வாங்கி வீட்டில் வைக்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் பெட்ரோல் இருக்கும் வீட்டில் ஒரு தீப்பொறி போதும்.

கேள்வி (கோயம்புத்தூர், 2018 மாடல் 150 சிசி): நீங்கள் காற்று, பிரேக் என்கிறீர்கள். உண்மையான காரணம் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் (கரும்பு, மக்காச்சோளத்திலிருந்து எடுக்கும் எரிசாராயம்). 48 கொடுத்த வண்டி 38க்கு வந்துவிட்டது. ஏன் அதைச் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்?

பதில்: சொல்கிறேன் தம்பி, மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. நாட்டில் 10 சதவீதக் கலப்பு 2022 ஜூனில் எட்டப்பட்டது, 2025இல் 20 சதவீதம். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்றால் கலப்பில்லாத பெட்ரோலைவிடச் சக்தி சுமார் 7 சதவீதம் குறைவு. பத்து சதவீதக் கலப்போடு ஒப்பிட்டால் மூன்றரை சதவீதம். அதனால் மைலேஜ் குறைவது நிஜம். ஆனால் 48இல் 7 சதவீதம் என்பது மூன்றரைக் கிலோமீட்டர்கூட இல்லை. பத்து குறைந்திருக்கிறது என்றால் பெரும்பகுதி வண்டியில் இருக்கிறது. எல்லாப் பழியையும் எத்தனால் மேல் போட்டால் அதைத் தேடவே மாட்டீர்கள்.

இடையில் ஒருவர் (சென்னை, பொறியாளர்): எத்தனாலில் ஆக்டேன் (இன்ஜினுக்குள் அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் தன்மை) அதிகம். அது இழப்பைச் சரிக்கட்டும்.

பதில்: ஆக்டேன் கூடும் என்பது சரி. ஆனால் அதைப் பயன்படுத்திக்கொள்ள இன்ஜினின் கம்ப்ரஷனும் பற்றவைக்கும் நேரமும் அதற்கேற்ப இருக்க வேண்டும். 2018 வண்டிக்கு அது அமையாது.

இடையில் ஒருவர் (விழுப்புரம், கரும்பு விவசாயி): எத்தனாலைக் குறை சொல்கிறவர்கள் எங்களையும் நினைக்க வேண்டும். ஆலைக்கு வருமானம் வந்தால்தான் எங்களுக்குப் பாக்கி வரும்.

பதில்: ஐயா, நீங்கள் சொல்வது நியாயம். கச்சா எண்ணெய்க்கு வெளிநாடு போகும் பணத்தில் ஒரு பங்கு கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் வந்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஓட்டுகிறவரின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. சக்தி மூன்றரை சதவீதம் குறைந்தால் லிட்டருக்கு மூன்றரை ரூபாய் மதிப்பு குறைகிறது. அது விலையில் தெரியவில்லை. இதைக் கேட்பவரை விவசாயிக்கு எதிரி என்று சொல்லக் கூடாது.

மீண்டும் கோவை: ரப்பர் பாகங்கள் கெட்டுப்போகும் என்கிறார்களே?

பதில்: 2023 ஏப்ரலிலிருந்து வரும் வண்டிகளில் தாங்கும் பாகங்கள் இருக்கின்றன. உங்களுடையது பழசு, அதனால் சர்வீஸின்போது பெட்ரோல் ஹோஸ், கேஸ்கெட் இரண்டையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஊறி உப்பியிருந்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை. நான் அதிகம் பயப்படுவது தண்ணீருக்கு. எத்தனால் தண்ணீரை இழுக்கும். போன ஐப்பசி மழையில் ஒரு வண்டி திணறிக்கொண்டே வந்தது. டேங்க்கிலிருந்து கண்ணாடிப் பாட்டிலில் இறக்கி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் மேலே மஞ்சளாகப் பெட்ரோல், கீழே இரண்டு விரல் உயரத்துக்குத் தெளிவான இன்னொரு அடுக்கு. தண்ணீரோடு சேர்ந்து எத்தனால் பிரிந்து அடியில் தங்கிவிட்டது. டேங்க் மூடியின் ரப்பர் வாஷர் தேய்ந்திருந்ததுதான் காரணம். மழைக்கு முன் அதைப் பாருங்கள், வண்டியை மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் போட்டு வைக்காதீர்கள்.

இந்த வாதம் இதோடு போதும். இன்னும் முப்பது பேர் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (நாமக்கல்): 100 ரூபாய்க்குப் பதில் 110 ரூபாய்க்குப் போட்டால் ஏமாற்ற முடியாதாமே?

பதில்: எந்தத் தொகைக்கும் மீட்டர் ஒன்றேதான். ஜீரோ பாருங்கள், போட்டு முடியும் வரை கண்ணை எடுக்காதீர்கள்.

கேள்வி (ஈரோடு): பெட்ரோல் குழாயில் காந்தம் மாட்டினால் மைலேஜ் கூடுமா? டேங்க்கில் ஊற்றும் மருந்து?

பதில்: கூடாது. காசை வீணாக்காதீர்கள்.

கேள்வி (சென்னை, ஆட்டோ ஓட்டுநர்): கேஸ் கிட் போடலாமா?

பதில்: என் தொழில் இருசக்கரம், அதனால் எது நல்ல கிட் என்று நான் சொல்வது சரியில்லை. அனுமதி பெற்ற இடத்தில் மாட்டி, ஆர்டிஓவில் ஆர்சி புத்தகத்தில் ஏற்றிய பிறகே ஓட்டுங்கள். ஏற்றாவிட்டால் விபத்தில் இன்சூரன்ஸ் கைவிரிக்கும்.

கேள்வி (மதுரை, உணவு டெலிவரி செய்யும் தம்பி): அண்ணே, தினமும் 140 கி.மீ. கையில் இருக்கிறதைப் பொறுத்து 50, 100 என்றுதான் போடுவேன். எப்போதும் ரிசர்வ்லதான் ஓடுது. 50 மைலேஜ் வருது.

பதில்: தம்பி, உன் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு ஒரு நாளைக்கு 2.8 லிட்டர், 283 ரூபாய். சம்பாத்தியத்தில் பெரிய பங்கு அங்கேயே போகிறது.

செயினைப் பார். மெயின் ஸ்டாண்ட் போட்டு, செயினின் கீழ்ப்பக்கம் நடுவில் விரலால் மேலே தூக்கு. ஏறக்குறைய ஒரு அங்குலம் ஆட வேண்டும், சரியான அளவு கையேட்டில் இருக்கும். தொங்கினாலும் கெடுதல், இறுகினாலும் கெடுதல். உன் ஓட்டத்துக்கு நாலு நாளுக்கு ஒரு முறை துடைத்து எண்ணெய் விடு. கிளட்சைப் பாதி பிடித்தபடி ஊர்ந்து போகாதே. ஓட்டல் வாசலில் காத்திருக்கும்போது இன்ஜினை அணை. மாசி வீதிகளில் கூட்டம் நேரத்தில் ஐந்து நிமிடம் நிற்கிறாய் அல்லவா, அதெல்லாம் சேர்ந்தால் பெட்ரோல்தான். காற்று உனக்கு மூன்று நாளுக்கு ஒரு முறை. ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடாதே. இதெல்லாம் சேர்ந்து 58 வந்தால் நாளைக்கு 2.4 லிட்டர், 40 ரூபாய் மிச்சம். மாதம் ஆயிரம்.

ரிசர்வ் விஷயம் முக்கியம். பிஎஸ்6 வண்டியில் (2020 ஏப்ரலிலிருந்து வரும் புதிய புகை விதி வண்டி) பெட்ரோல் பம்ப் டேங்க்குக்கு உள்ளேயே இருக்கிறது. சுற்றிலும் இருக்கும் பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்கிறது. எப்போதும் அடிமட்டத்தில் ஓட்டினால் பம்ப் சூடாகும், அடியில் தங்கிய அழுக்கையும் இழுக்கும். பம்ப் போனால் ஒரு வாரச் சம்பளம் போய்விடும். கையில் காசு வரும் நாளில் ஒரு தடவை மட்டும் இரண்டு லிட்டர் கூடுதலாகப் போட்டு வை. அதற்குப் பிறகு தினமும் ஓடியதை மட்டும் ஈடுகட்டு. செலவு அதேதான், பம்ப் பிழைக்கும்.

கேள்வி (திருவாரூர்): விடியற்காலையில் நிரப்பினால்...

பதில்: கரூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். இதே கேள்வி இன்னும் ஆறு பேரிடமிருந்து வந்திருக்கிறது, இனி பதில் எழுத மாட்டேன்.

கேள்வி (தஞ்சாவூர் ஆசிரியை மறுபடியும்): பேட்டரி ஸ்கூட்டருக்கு மாறலாமா?

பதில்: 900 கி.மீ.க்குச் சார்ஜ் இழப்போடு சேர்த்து ஏறக்குறைய 35 யூனிட் ஆகும். யூனிட் பத்து ரூபாய் என்றே வைத்தாலும் 350. ஆனால் நம் ஊரில் இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறும். வீட்டு மின் கணக்கு அட்டையை எடுத்து, 70 யூனிட் கூட்டிப் பாருங்கள். தாண்டவில்லை என்றால், உங்கள் தூரத்துக்கு மாறுவது நல்லது. தினமும் எட்டுப் பத்து கி.மீ. மட்டும் ஓட்டுகிறவர்கள், ஓடும் வண்டியை விற்று அவசரப்பட வேண்டாம்.

கேள்வி (புதுக்கோட்டை): வரியைக் குறைத்தால் போதுமே, அதைப் பற்றி ஏன் எழுதவில்லை?

பதில்: அது நான் படித்த துறை இல்லை. வண்டியைக் கேளுங்கள்.

கேள்வி (திண்டுக்கல்): ஏற்றமாக இருந்தால் சரி, இறக்கத்தில் மட்டும் நியூட்ரல்...

பதில்: வேண்டாம். வேண்டவே வேண்டாம். சேலத்துக்காரருக்கு எழுதியதை இரண்டு முறை படியுங்கள்.

கேள்வி (அரியலூர்): பங்க்கில் அளவு குறைவு என்று சந்தேகம். என்ன செய்வது?

பதில்: எல்லாப் பங்க்கிலும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் குவளை இருக்க வேண்டும். கேட்டால் உங்கள் கண்முன் பிடித்துக் காட்ட வேண்டியது அவர்கள் கடமை. 25 மில்லி வரை வித்தியாசம் அனுமதிக்கப்பட்டது. பைபாஸில் ஒரு பங்க்கில் ஒரு முறை கேட்டேன். முதலில் குவளை இல்லை என்றார்கள். நகராமல் நின்றேன், உள்ளேயிருந்து வந்தது. சமதளத்தில் வைத்து, நுரை அடங்கும் வரை பொறுத்து, குனிந்து கண்மட்டத்தில் பார்த்தால் கோட்டுக்குக் கீழே 40 மில்லி. குவளையோடு படம் எடுத்து, தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளருக்குப் புகார் எழுதினேன். பில்லை வைத்துக்கொள்ளுங்கள், பம்ப் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றும் இல்லாமல் புகார் எழுதினால் நிற்காது.