முதுகெலும்புப் படத்தில் முறிவா, இல்லையா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

அம்மாவுக்கு 68 வயது. முதுகெலும்பு எக்ஸ்ரே பார்த்த ஒரு டாக்டர் ‘டி12 (மேல்முதுகின் கடைசி முள்ளெலும்பு) லேசாக நசுங்கியிருக்கிறது’ என்கிறார். இன்னொருவர் அதே ஃபிலிமைப் பார்த்து ‘நார்மல்’ என்கிறார். யாரை நம்புவது?

இருவருமே கவனமாகப் பார்த்திருந்தாலும் இப்படி நடக்கும். 1993-இல் ஜெனன்ட் என்ற கதிரியல் நிபுணரின் குழு வகுத்த அளவுகோல்தான் இன்றும் அதிகம் புழங்குகிறது. முள்ளெலும்பின் உயரம் 20 முதல் 25 சதவீதம் குறைந்திருந்தால் முதல் நிலை, 25 முதல் 40 வரை இரண்டாம் நிலை, அதற்கு மேல் மூன்றாம் நிலை. பின்பக்க உயரம் 28 மி.மீ., முன்பக்கம் 22 மி.மீ. என்று வையுங்கள். குறைவு 21 சதவீதம், ஆகவே முறிவு. முன்பக்கத்தை 23 என்று அளந்தால் 18 சதவீதம், முறிவு இல்லை. ஒரே ஒரு மில்லிமீட்டரில் ரிப்போர்ட் மாறிவிடுகிறது. மூன்றாம் நிலை முறிவில் கருத்து வேறுபாடு அபூர்வம். தகராறு பெரும்பாலும் முதல் நிலையில்தான். போதாக்குறைக்கு டி12, அதற்கு அடுத்துக் கீழே உள்ள எல்1 (கீழ்முதுகின் முதல் எலும்பு) இரண்டும் இயல்பிலேயே முன்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கும்.

எனவே உயரத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. எலும்பின் மேல்தட்டோ கீழ்த்தட்டோ நடுவில் உள்ளே அமுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தட்டுகள் நேராக இருந்து உயரம் மட்டும் குறைந்திருந்தால் அது பிறவி அமைப்பாகவோ தேய்மானமாகவோ இருக்கலாம். சிறு குழியும் அதைச் சுற்றி வெண்மையான விளிம்பும் இருந்தால் பெரும்பாலும் ஷ்மோர்ல் முடிச்சு, அதாவது எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு உள்ளே பிதுங்கிய தடம். வரிசையாக மூன்று நான்கு எலும்புகள் ஆப்பு வடிவில், தட்டுகள் கரடுமுரடாக இருந்தால், பதின்பருவத்திலேயே வந்துபோன ஷோயர்மன் நோயை நினைக்க வேண்டும்.

வீட்டில் பழைய படம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். பக்கவாட்டில் எடுத்த மார்பு எக்ஸ்ரேயும் உதவும். அன்று சரியாக இருந்த எலும்பு இன்று அமுங்கியிருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

நான் ரேடியாலஜி மாணவி. ‘இரண்டு பேர் 90 சதவீதம் ஒத்துப்போனார்கள்’ என்றால் அந்த முறை நம்பகமானதுதானே?

இல்லை. 100 எலும்புகளில் இருவரும் தலா 10-ஐ முறிவு என்கிறார்கள். அவற்றில் இருவருக்கும் பொதுவானவை 5 மட்டும். இருவருமே நார்மல் என்றவை 85. ஆக ஒப்புதல் 90 சதவீதம்! ஆனால் யாரோ ஒருவராவது முறிவு என்ற 15 எலும்புகளில் ஒத்துப்போனது மூன்றில் ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தாலும் தற்செயலாகவே 82 சதவீதம் ஒத்துப்போயிருக்கும். அதைக் கழித்துக் கணக்கிடும் கப்பா மதிப்பு இங்கே 0.44 தான், நடுத்தரம். எந்த ஆய்வைப் படித்தாலும் கப்பாவைத் தேடுங்கள். முதல் நிலையைச் சேர்த்தார்களா, விட்டுவிட்டார்களா என்பதையும் பாருங்கள். விட்டுவிட்டால் எண் தானாகவே அழகாகிவிடும்.

கல்லுக்காக அப்பாவுக்கு வயிற்று சி.டி. எடுத்தோம். எலும்பு முறிவு பற்றி ரிப்போர்ட்டில் ஒரு வரிகூட இல்லை. இப்போது அதே சி.டி.யில் எல்1 முறிவு இருக்கிறது என்கிறார்கள். எப்படித் தவறியது?

குறுக்குவெட்டுப் படங்களில் உயரக் குறைவு கண்ணில் படாது. பக்கவாட்டு வெட்டாக மாற்றிப் பார்த்தால்தான் தெரியும். அதே ஸ்கேனிலிருந்து அதை உருவாக்கலாம். மறுபடி கதிர்வீச்சு தேவையில்லை. ஐம்பதைத் தாண்டிய யாருக்கு சி.டி. எடுத்தாலும் இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. முதுகெலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை முறிவு என்று அறியப்படாமலே போகின்றன. முதுகுவலியை வயதின் மேல் போட்டுவிடுகிறார்கள்.

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸாவில் போன வருடத்தைவிட டி-ஸ்கோர் (ஆரோக்கியமான இளவயதினரோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்) கூடியிருக்கிறது. மருந்தை நிறுத்தலாமா?

அவசரப்படாதீர்கள். நசுங்கிய எலும்பு குறைந்த பரப்பில் அடர்த்தியாகத் தெரியும். ஸ்கோர் பொய்யாக ஏறும். எல்1 முதல் எல்4 வரை தனித்தனி எண்களைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று மட்டும் பக்கத்து எலும்பைவிட 1.0-க்கு மேல் விலகி நின்றால் அதை நீக்கிவிட்டுக் கணக்கிட வேண்டும். குறைந்தது இரண்டு எலும்புகளாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் இடுப்பு ஸ்கோரைப் பாருங்கள். பெரிய அடி இல்லாமலே முள்ளெலும்பு முறிந்திருந்தால், ஸ்கோர் மைனஸ் 2.5-ஐத் தொடாவிட்டாலும் அது எலும்புப்புரைதான் (ஆஸ்டியோபோரோசிஸ்).

முறிவு புதிதா பழையதா, புற்றுநோயா என்று எம்.ஆர்.ஐ. சொல்லுமா?

பெரும்பாலும் சொல்லும். புது முறிவில் எலும்பு மஜ்ஜை நீர்கோத்து, ஸ்டிர் எனப்படும், நீர்க்கோப்பை எடுத்துக்காட்டும் எம்.ஆர்.ஐ. படத்தில் வெளுப்பாகத் தெரியும். சில மாதங்களில் அது வடிந்துவிடும். பின்சுவர் வெளிப்புறமாக உருண்டு புடைத்திருப்பது, பெடிக்கிள் (முள்ளெலும்பின் உடலைப் பின்பகுதியோடு இணைக்கும் தூண்) வரை பரவியிருப்பது, பக்கத்தில் கட்டி தெரிவது ஆகியவை புற்றுநோய்ச் சந்தேகத்தை எழுப்பும். டி4-க்கு மேலே தனியாக ஒரு முறிவு இருந்தாலும் அப்படித்தான். எலும்புப்புரை முறிவுகள் அதிகம் வருவது டி7, டி8 பக்கத்திலும் டி12, எல்1 பக்கத்திலும்.

எக்ஸ்ரே டெக்னீஷியனாக இருக்கிறேன். படம் எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பக்கவாட்டில் படுக்கவைத்து, இடுப்புக்கு மேல் பள்ளம் விழும் இடத்தில் தலையணை வைத்து முதுகெலும்பை மேசைக்கு இணையாக்குங்கள். கதிரின் மையம் மேல்முதுகுக்கு டி7, கீழ்முதுகுக்கு எல்3. கதிர் சாய்ந்து விழுந்தால் ஒரே தட்டின் இரு விளிம்புகளும் பிரிந்து நீள்வட்டமாகத் தெரியும். நல்ல எலும்பும் உள்வாங்கியது போல ஏமாற்றும். படத்தில் தட்டு ஒற்றைக் கோடாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு நோயாளியை மேசையிலிருந்து இறக்குங்கள்.