பனிப்போர் முடிந்ததே, மிச்சமான பணம் எங்கே போனது?

2035-க்குள் ஜிடிபியில், அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில், 5 சதவீதத்தைப் பாதுகாப்புக்குச் செலவிட வேண்டும் என்ற நேட்டோவின் (அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணி) இலக்கைப் பற்றி எழுதியதும், "இந்தச் செலவு எப்போதாவது இறங்கியிருக்கிறதா?" என்று பலர் கேட்டுவிட்டார்கள். வந்த கேள்விகளில் சில.

கே: சார், நிஜமாகவே இறங்கியதுண்டா?

உண்டு. 1986-இல் அமெரிக்கா ஜிடிபியில் கிட்டத்தட்ட 6 சதவீதத்தை ராணுவத்துக்குக் கொடுத்தது, 1999-இல் அது 3 சதவீதம். படையில் 21 லட்சத்துக்கு மேல் இருந்தவர்கள் சுமார் 14 லட்சமானார்கள். 1989-இல் பெர்லின் சுவர் விழுந்து, சோவியத்துடனான பனிப்போர் முடிவுக்கு வந்ததும்தான் இறங்கியது என்று நினைப்போம், ஆனால் பட்ஜெட் பற்றாக்குறைக்குப் பயந்து அவர்கள் நாடாளுமன்றம் அதற்குச் சில வருடம் முன்பே கத்தரிக்கத் தொடங்கிவிட்டது.

கே: அந்தப் பணம் மக்களுக்கு வந்ததா?

கையில் யாரும் வாங்கவில்லை. கடன் வாங்கிச் செய்த செலவு குறைந்தால் முதலில் கடன்தானே குறையும். 1998 முதல் 2001 வரை அமெரிக்க பட்ஜெட்டில் உபரி வந்ததற்கு இது ஒரு காரணம், பங்குச்சந்தை ஏற்றத்தில் கொட்டிய வரி இன்னொன்று.

கே: டாங்கிகளை எல்லாம் உருக்கிவிட்டார்களா?

இங்கேதான் வேடிக்கை. 1990-இல் பாரிஸில் கையெழுத்தான ஒப்பந்தம், நேட்டோவுக்கும் சோவியத் தலைமையிலான வார்சா அணிக்கும் ஆளுக்கு 20,000 டாங்கி என்று வரம்பு வைத்தது. மிஞ்சியதை வெட்டிப் போட வேண்டும், அதற்கும் காசு வேண்டும். நேட்டோ என்ன செய்ததென்றால், மிஞ்சியவற்றில் நல்லதாகப் பார்த்து தன் அணியிலேயே இருந்த கிரீஸுக்கும் துருக்கிக்கும் தள்ளிவிட்டது, அவர்கள் தங்களிடம் இருந்த இன்னும் பழையதை உடைத்தார்கள். ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே இருக்கும் இரண்டு நாடுகள்! கிழக்கு ஜெர்மனி விட்டுப்போன மிக்-29 போர் விமானங்களில் 22-ஐ ஜெர்மனி போலந்துக்கு விற்றது, ஒன்று ஒரு யூரோ. காபி விலைகூட இல்லை.

கே: ராணுவ முகாமை நம்பிப் பிழைத்த ஊர்கள் என்ன ஆயின அண்ணா?

கலிபோர்னியாவில் ஃபோர்ட் ஆர்ட் என்று பெரிய முகாம், 1994-இல் மூடினார்கள். கடை, வாடகை வீடு, முடிவெட்டும் இடம் வரை எல்லாமே சிப்பாய்களை நம்பி இருந்த வட்டாரம். அடுத்த வருடமே பழைய ராணுவக் கட்டடங்களில் ஒரு பல்கலைக்கழகம் திறந்தது, அது நல்ல விஷயம். ஆனால் சுடும் பயிற்சி நடந்த புதர்க்காட்டில் வெடிக்காமல் கிடந்த குண்டுகளைப் பொறுக்கும் வேலை முப்பது வருடத்துக்குப் பிறகும் தீரவில்லை. முகாமை மூடினால் மறுநாளே மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கே: இதில் இந்தியாவுக்கு ஏதாவது கிடைத்ததா?

கிடைத்தது, ஒரு விமானம்தாங்கிக் கப்பல். கையில் காசில்லாத ரஷ்யா 1996-இல் ஓரங்கட்டிய அட்மிரல் கோர்ஷ்கோவ்தான் நம்முடைய விக்ரமாதித்யா. 2004 ஒப்பந்தத்தில் கப்பல் சும்மா, பழுதுபார்த்து மாற்றியமைக்க மட்டும் 97.4 கோடி டாலர். 2013-இல் கடற்படையில் சேர்வதற்குள் அது 235 கோடியாகிவிட்டது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள், இந்த மாட்டைக் கொஞ்சம் பார்த்திருக்கலாம்.

கே: அணுகுண்டுகள்?

சரி, இது எனக்குப் பிடித்த கதை. ரஷ்யக் குண்டுகளில் இருந்த 500 டன் யுரேனியத்தை வீரியம் குறைத்து, 1993 ஒப்பந்தப்படி 2013 வரை அமெரிக்க அணுமின் நிலையங்களுக்கு விற்றார்கள். அந்தக் காலத்தில் அங்கே எரிந்த பல்புகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று, அவர்கள் தலையில் விழுவதற்காகச் செய்த குண்டில் எரிந்தது.