செம்பருத்திக்கும் துணிக்கொடிக்கும் நடுவே

அன்புள்ள ஐயா,

எங்களுடையது பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் தோட்டத்து வீடு. செம்பருத்திச் செடிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே மஞ்சள் வரி போட்ட சிலந்தி ஒன்று ஒரு மாதமாக வலை கட்டிக் குடியிருக்கிறது. வலையின் நடுவில் பெருக்கல் குறி மாதிரி வெள்ளைக் கோடுகள். என் மாமியார் முதலில் ஒட்டடைக் குச்சியோடுதான் போனார். சிலந்தி பட்டால் கொப்புளம் வரும் என்றார். பிள்ளைகள் அழுது தடுத்துவிட்டார்கள். இப்போது அதற்குப் பெயரே அம்மணி. மாமியாரே காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் காபி குடிக்கிறார்.

பையன் தினமும் இரண்டு மூன்று வெட்டுக்கிளிகளைப் பிடித்து வலையில் போடுகிறான். போன வாரம் நான்கு கோடுகள் இருந்தன, இப்போது இரண்டுதான். வலையும் சிறுத்துவிட்டது. உடம்பு சரியில்லையா? மேல் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் பொடிசாக ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது, குட்டியா? மழை வலுக்கிறது. அம்மணியைப் போர்டிகோவுக்குள் கொண்டுவந்து வைக்கலாமா?

க., பொள்ளாச்சி

அன்புள்ள க.,

உடம்புக்கு ஒன்றுமில்லை. வயிறு நிறைந்திருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் சொல்லும் அடையாளங்களின்படி இது ஆர்கியோப்பி பேரினத்துப் பெண். கையெழுத்துச் சிலந்தி என்பார்கள். நம் பக்கத்துத் தோட்டங்களில் அதிகம் தென்படுவது ஆர்கியோப்பி அனசூயா. கால்களை விட்டுவிட்டு அளந்தால் பெண்ணின் உடம்பு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்.

இந்தச் சிலந்தி வலையைச் சும்மா கட்டுவதில்லை. பட்டுநூல் புரதம், அதற்குச் செலவு உண்டு. பழைய வலையின் ஒட்டும் நூலைத் தின்று, அதையே மறுபடி நூலாக்கிப் புது வலை போடும். தேவைக்கு மேல் தீனி கிடைத்தால் பெரிய வலைக்கு அவசியம் இல்லை. சுற்றளவு குறையும், சில நாள் புதுப்பிக்காமலே விட்டுவிடும். வெட்டுக்கிளி பெரிதாக இருந்தால் அது உதைத்தே பாதி வலையைக் கிழிக்கும். சமாளிக்க முடியாத இரையைச் சுற்றியுள்ள நூலை அறுத்துச் சிலந்தியே கீழே தள்ளிவிடும். ஊட்டியவனுக்கு மகிழ்ச்சி, அதற்கு நஷ்டம்.

பையன் கேட்க மாட்டான் என்றால் மூன்று நாளைக்கு ஒன்று போதும். சிலந்தியின் உடம்பைவிடப் பெரிதாக வேண்டாம், உயிரோடு இருக்க வேண்டும். செத்த பூச்சி துடிக்காது, வலை அதிராவிட்டால் அதற்கு இரை விழுந்ததே தெரியாது. நடுவில் போடாமல் கீழ்ப்பாதியில் போடச் சொல்லுங்கள். தலைகீழாக உட்கார்ந்திருப்பதால் கீழே ஓடுவதுதான் அதற்கு வேகம், வலையின் கீழ்ப்பாதி பெரிதாக இருப்பதும் அதனால்தான். முசுறு எறும்பைப் போட்டுவிட வேண்டாம்.

போட்டபின் ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். வெட்டுக்கிளி என்றால் பின்னங்கால்களால் அகலமான பட்டுநூல் கற்றையை இழுத்து வீசிச் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் கடிக்கும். வண்ணத்துப்பூச்சியோ அந்துப்பூச்சியோ மாட்டினால் வரிசை மாறும், முதலில் கடி, அப்புறம்தான் கட்டு. இறக்கைச் செதில் நூலோடு உதிர்ந்து பூச்சி நழுவிவிடும், கட்டுவதற்கு நேரமில்லை. பக்கத்தில் நின்று பார்த்தால் இந்த வேறுபாடு வெறுங்கண்ணுக்கே தெரியும்.

வெள்ளைக் கோடு நான்கிலிருந்து இரண்டானதற்கும் கவலைப்பட வேண்டாம். ஒரே சிலந்தி ஒருநாள் நான்கு போடும், ஒருநாள் இரண்டு, ஒருநாள் ஒன்றுமே இருக்காது. எதற்காகப் போடுகிறது என்பதில் ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. புற ஊதாக் கதிரை அது எதிரொளிப்பதால் பூச்சிகள் ஈர்க்கப்படுகின்றன என்று 1990-இல் கேத்தரின் கிரெய்க்கும் கேரி பெர்னார்டும் எழுதினார்கள். பறவைகள் வலையைக் கண்டு விலகிப் போகத்தான் என்பது 1983-இல் தாமஸ் ஐஸ்னரும் ஸ்டீபன் நோவிக்கியும் சோதனை செய்து சொன்னது. அமெரிக்காவில் இதே பேரினத்துச் சிலந்தியை வைத்து 1999-இல் வெளியான ஆய்வில், கோடு போட்ட வலையில் இரை குறைவாகவே விழுந்தது. எனக்குப் பறவைக் கதைதான் அதிகம் பொருந்துவதாகப் படுகிறது. வலை நடுவில் பகலெல்லாம் திறந்த வெளியில் உட்காருகிற பிராணிக்கு வேறு பாதுகாப்பு என்ன இருக்கிறது? கிட்டே போனால் வலையையே குலுக்கும். அதற்கும் நீங்கள் விலகாவிட்டால் நூலைப் பிடித்துக்கொண்டு தொப்பென்று தரையில் விழும். அப்போது பிள்ளைகளை நான்கு அடி பின்னால் நிற்கச் சொல்லுங்கள், அதே நூலில் ஏறி வந்துவிடும்.

பழுப்பு நிறப் பொடிசு குட்டி அல்ல, மாப்பிள்ளை. ஆண் அரை சென்டிமீட்டர்கூட வராது. முகத்துக்கு முன்னால் இரண்டு குட்டைக் கைகள் இருக்கும். அவற்றின் நுனி உருண்டு தடித்திருந்தால் வயதுக்கு வந்த ஆண் என்று உறுதி. லென்ஸ் இருந்தால் பாருங்கள். வலையின் விளிம்பில் ஒரு தனி நூல் கட்டி, அதைச் சுண்டிச் சுண்டித்தான் அவன் பெண் கேட்பான். கூடி முடிந்ததும் பலமுறை பெண் அவனையும் பட்டில் சுற்றிவிடும். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. வெள்ளி மினுக்கும் முக்கோண வயிற்றோடு இன்னும் சிறிதாக ஏதாவது தெரிந்தால் அது வேறு இனம், வலையில் ஒட்டியிருக்கும் சில்லறைப் பூச்சிகளைத் திருடித் தின்ன வந்தது. விட்டுவிடுங்கள்.

போர்டிகோ வேண்டவே வேண்டாம். காற்றும் பூச்சியும் வராத மூலையில் பட்டினிதான் கிடக்கும். மழையில் வலை போனால் இலையடியில் ஒதுங்கியிருந்துவிட்டு மறுபடி கட்டும். நீங்கள் செய்ய வேண்டியது, வலையைத் தாங்கும் கிளைகளை நறுக்காமல் இருப்பது. துணிக்கொடிதான் தொல்லை. ஈரத்துணி போடும்போது கொடி தாழ்ந்து வலை கிழியும். கொடிக்கு அருகில் ஆள் உயரக் குச்சி ஒன்றை நட்டுவிட்டு, ஒரு மாலைப் பொழுதில் கொடியை இரண்டு அடி தள்ளிக் கட்டுங்கள். பெரும்பாலும் அம்மணி குச்சியைப் பிடித்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் தானே வேறு இடம் போகும், அதையும் அதன் விருப்பத்துக்கு விடலாம். அசுவினிப் பூச்சிக்கு மருந்து அடிப்பதாக இருந்தால் அந்தச் செடியை விட்டுவிடுங்கள், தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே அசுவினி போகும். கொசு குறையும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், இந்த வலையின் வரும்படி பெரும்பாலும் பகல் பூச்சிகள்.

மாமியாரின் பயத்துக்கு ஒரு வார்த்தை. சிலந்திக்கடி என்று நம் வீடுகளில் சொல்லப்படும் கொப்புளங்களில் பல, அக்கியாகவோ ராத்திரி விளக்குக்கு வரும் ஒருவகை வண்டு நசுங்கிப் பட்ட புண்ணாகவோ இருக்கும். மருந்து வேறு வேறு, ஆகவே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அம்மணியைக் கையால் அமுக்கினால் கடிக்கலாம், தேனீ கொட்டிய அளவு வலிக்கும். அவர் பக்திமான் என்றால் திருவானைக்கா சிலந்தியையும் நினைவுபடுத்தலாம். ஆனால் லிங்கத்தின்மேல் சருகு விழாமல் தாங்கும் கூரை வலையை இந்த இனம் கட்டாது. அப்படிப் படுக்கைவாட்டில் நெருக்கமாக நெய்வது கூடாரச் சிலந்தி, அதுவும் உங்கள் வேலியிலேயே இருக்கும்.

இனி வரப்போவது முட்டை. வயிறு நன்றாகப் பருத்து, ஒருநாள் வலையை விட்டுக் காணாமல் போய், சுருங்கிய வயிற்றோடு திரும்பும். நோய் என்று பயப்பட வேண்டாம். பக்கத்து இலைகளுக்கு நடுவே நூல் சிக்கலில் தட்டையான பை ஒன்று தொங்கும், உள்ளே நூற்றுக்கணக்கில் முட்டை. இடைவெளி விட்டு இன்னும் சில பைகளும் வைக்கலாம். அதோடு அம்மணியின் காலம் முடியும். பையை வீட்டுக்குள் கொண்டுபோகவோ பிரித்துப் பார்க்கவோ கூடாது. அந்தக் கிளையில் ஒரு சிவப்பு நூல் கட்டிவையுங்கள், தோட்ட வேலைக்கு வருபவர் நறுக்கிவிடாமல் இருக்க. குஞ்சுகள் பைக்குள்ளேயே ஒருமுறை தோல் உரித்துவிட்டுத்தான் வெளிவரும், பிறகு வயிற்றைத் தூக்கிக் காற்றில் நூல் விட்டுப் பறந்துவிடும். குஞ்சு வராமல் பையில் பொடி ஓட்டைகள் மட்டும் தெரிந்தால் ஒட்டுண்ணிக் குளவி புகுந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டில் எது நடந்தாலும், பை காலியான பிறகு கிளையை நறுக்கிக்கொள்ளலாம்.