முதல் ரேஸ், பழைய வண்டி: நடுவில் பழுது வந்தால் என்ன செய்வது?

கேள்வி: "என்னிடம் பழைய 150 சிசி மோட்டார் சைக்கிள் இருக்கிறது. முதல் தடவையாக இரண்டு நாள் ட்ராக் ரேஸ் ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். நடுவில் வண்டி பழுதானால் எப்படிச் சமாளிப்பது? இல்லை, போகாமலே இருப்பது நல்லதா?"

போங்கள்.

அந்தக் கடைசி வரி இல்லையென்றால் இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுப் போயிருப்பேன். என்னையும் இப்படித்தான் கேட்டார்கள், வீட்டில், கடையில், கோணேசர் கோயில் வாசலில்கூட. "பழைய வண்டியைக் கொண்டுபோய் அங்கே என்ன செய்யப் போகிறாய்?" அதற்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் கையில் பெரிய காசு இல்லை, கூட வருவது ஒரு தம்பியோ நண்பனோ, ரேஸ் ஓடப்போகும் வண்டிதான் திங்கட்கிழமை வேலைக்கும் போகும் வண்டி என்று வைத்துக்கொள்கிறேன். மெக்கானிக் குழுவோடு போகிறவர் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்.

நான் திருகோணமலை. மாமாவின் கராஜ் உவர்மலைப் பக்கம் இருக்கிறது, பதினைந்து வயதிலிருந்து அங்கேதான் வேலை பழகினேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு புது வண்டி என்ற பேச்சே இல்லாமல் போனது. இருந்ததைக் காப்பாற்றி ஓடினோம். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது கியூஆர் அட்டைக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் தந்தார்கள் அல்லவா, அந்தக் காலத்தில் என் வண்டி பெரும்பாலும் சுவரோரம் நின்றது. மூன்று பக்கமும் கடல் உள்ள ஊரில் வண்டி சும்மா நின்றால் என்ன ஆகும் என்று இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். வெளியே பளபளப்பாக இருக்கும். உள்ளே கம்பி, முனை, ஆணி எல்லாம் உப்புப் பிடித்துக்கொண்டிருக்கும்.

அடுத்த வருடம் கட்டுக்குருந்தையில் ஒரு ரேஸுக்குப் பெயர் கொடுத்தேன். கொழும்பு தாண்டிக் களுத்துறைப் பக்கம் உள்ள ட்ராக் அது. எங்கள் சீனக்குடாவைப் போல அதுவும் இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளம். விமானம் ஓடிய நிலம் என்பதால் நேர்ப்பகுதி நீளம். சின்ன எஞ்சின் அவ்வளவு தூரம் முழு வேகத்தில் போகிற மாதிரி ஊர் வீதியில் ஒரு நாளும் போயிருக்காது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், என் கதையில் பாதி இதில்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மாலை வண்டியைச் சின்னப் பட்டா லொறியில் ஏற்றிக் கட்டிக்கொண்டு நானும் மச்சானும் புறப்பட்டோம். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக 300 கிலோமீற்றருக்கு மேல். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் இரவில் யானை வரும் என்பதால் மெதுவாகத்தான் போக முடிந்தது. விடியும்போது போய்ச் சேர்ந்தோம்.

சனிக்கிழமை முதல் பயிற்சி. இரண்டு சுற்று அருமையாகப் போனது. மூன்றாவது சுற்றில் நேர்ப்பகுதியின் முடிவுக்கு வரும்போது வண்டி இழுவையை விட்டது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல இருந்தது. அக்சிலேட்டரைக் குறைத்தால் கொஞ்சம் சரியாகும், திரும்பத் திருகினால் மறுபடி மூச்சு வாங்கும். ஓரமாக வந்து நிறுத்திவிட்டு ஸ்டார்ட் பண்ணினால் ஒரு குறையும் இல்லை, சிங்கம் மாதிரி உறுமுகிறது.

இங்கேதான் பிழை விட்டேன். எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றினேன், முனை வெள்ளை வெளேரென்று இருந்தது. வெள்ளை என்றால் காற்று கூட, பெற்றோல் குறைவு. கறுப்புக் கரி என்றால் பெற்றோல் கூட. பால் தேநீர் நிறத்தில் இருந்தால் சரி. இவ்வளவும் எனக்குப் பாடம். உடனே காற்றையும் பெற்றோலையும் கலக்கும் காபரேட்டரில் பெரிய ஜெட் போட்டேன், அதாவது பெற்றோல் கூடுதலாகப் போகும் பெரிய துளையுள்ள திருகு. போட்ட கையோடு புதுப் பிளக்கும் போட்டேன். பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார் என்று காற்று வடிகட்டியையும் கழற்றிவிட்டேன். மூன்று மாற்றம், ஒரே நேரத்தில். இரண்டாவது பயிற்சியில் வண்டி கீழ் வேகத்திலும் இடித்தது, மேல் வேகத்தில் பழைய நோயும் போகவில்லை. எது எதைக் கெடுத்தது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. அன்றைய பயிற்சியும் முடிந்துவிட்டது.

மாமாவுக்கு போன் எடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மருமகன், எந்த இடத்தில நிக்குது?" என்றார்.

"நேர் ரோட்டு முடிவில, மாமா. வேற எங்கேயும் இல்ல."

"நிப்பாட்டி வச்சா?"

"ஒரு குறையும் இல்ல."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் கராஜில் யாரோ இரும்பு தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் சொன்னார்: "டேங்க் மூடிய என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?"

எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, வண்டியைச் சரித்தால் மூடியால் பெற்றோல் கசிகிறது, பரிசோதனையில் பிடிப்பார்கள் என்று பழைய டியூபில் வட்டமாக ரப்பர் வெட்டி மூடிக்கு உள்ளே வைத்திருந்தேன். மூடியில் காற்றுப் போக ஒரு சின்னத் துவாரம் இருக்கும். அதை அடைத்திருக்கிறேன். பெற்றோல் வெளியே போகப்போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெற்றோல் இறங்குவது குறைந்துவிடும். ஊர் வீதியில் நாம் நின்று நின்று போவதால் அது தெரியாது, இடைவெளியில் காற்று எப்படியோ கசிந்து உள்ளே போய்விடும். நீளமான நேர்ப்பகுதியில் முழுத் திருகலில் எஞ்சின் குடிக்கிற வேகத்துக்குக் காபரேட்டரின் கிண்ணம் நிரம்பாது. நிறுத்தியதும் எல்லாம் சரியாகிவிடும். அதனால்தான் நிறுத்தி வைத்துச் சோதித்தபோதெல்லாம் வண்டி சுகமாக இருந்தது.

மூடியைத் திறந்தேன். "உஸ்" என்று காற்றை உள்ளே இழுத்தது.

மாமா சொன்னபடி முதலில் பழைய ஜெட்டைப் போட்டேன். பிறகு வடிகட்டி. கடைசியாக அந்த ரப்பரை எடுத்துவிட்டு, துவாரத்தைக் குண்டூசியால் குத்தி ஊதிச் சரிபார்த்தேன். கசிவை நிறுத்த, நடுவில் துவாரம் விட்டு விளிம்பு மட்டும் உள்ள வளையம் ஒன்று வெட்டி வைத்தேன். உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை ஒரு கடதாசியில் எழுதுங்கள், ஓடிப் பாருங்கள், பிறகு அடுத்தது. பதற்றத்தில் கை எல்லாவற்றையும் கழற்றப் போகும். விடாதீர்கள். "எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் ஓடிய பிறகு" என்ற மூன்று கேள்விக்கும் பதில் கிடைக்கும்வரை ஸ்பனரைத் தொடவே வேண்டாம்.

(காபரேட்டர் இல்லாமல் பம்ப் மூலம் பெற்றோலைப் பீச்சும் ஊசி முறை வண்டிக்கு இது பொருந்தாது என்று எழுத வருபவர்களுக்கு: அந்த டேங்கும் மூச்சு விட வேண்டும், பம்ப் இருப்பதால் துவாரம் தேவையில்லை என்று ஆகாது. நான் இஞ்சினியர் இல்லை. ஆனால் இந்த விஷயத்தை என் கையால் கண்டவன்.)

ஞாயிறு காலை வார்ம்-அப்பில் வண்டி கடைசிவரை சுத்தமாக இழுத்தது. பிளக் பால் தேநீர் நிறம். சந்தோஷமாக உள்ளே வந்து கிளச்சைப் பிடித்தால் கை சும்மா போகிறது. கேபிள் அறுந்துவிட்டது.

ரேஸுக்கு ஐம்பது நிமிடம். கம்பியை வெளியே இழுத்துப் பார்த்தேன். லீவருக்குள் நுழையும் இடத்தில் ஒவ்வொரு இழையாகத் துருப்பிடித்து, கடைசி இரண்டு இழையில்தான் இவ்வளவு நாளும் ஓடியிருக்கிறேன். வெளி உறையில் ஒரு கீறல்கூட இல்லை. அது கடல் காற்று செய்த வேலை, ஆனால் அதைப் பார்க்காமல் விட்டது நான். ரேஸுக்கு முன் எல்லாக் கேபிளையும் இரண்டு முனையிலும் கழற்றி வெளியே எடுத்துப் பாருங்கள். முடிந்தால் ஒரு புதுக் கேபிளைப் பழையதோடு சேர்த்தே இழுத்துக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள், அறுந்தால் இரண்டு முனையையும் மாற்றுவதுதான் வேலை.

என்னிடம் வேறு கேபிள் இல்லை. பக்கத்துக் கூடாரத்தில் ஒரு சிங்கள அண்ணன், வயது நாற்பத்தைந்து இருக்கும். நான் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு அவரே வந்தார். "மல்லி, கொஹொமத?" (தம்பி, எப்படி?) என்று கேட்டபடி கம்பியை வாங்கிப் பார்த்தார். எனக்குக் கராஜ் சிங்களம்தான் தெரியும், அவருக்கு அதைவிடக் குறைவாகத் தமிழ். ஆனால் கேபிள், கிளச், ஸ்பனர், போல்ட் எல்லாம் இரண்டு மொழியிலும் ஒன்றுதானே, பேச்சு தடைப்படவில்லை. அவருடைய கேபிள் வேறு வண்டிக்குரியது. லீவர் பக்கத்து உருண்டை சரியாகப் பொருந்தியது, ஆனால் கீழே ஒரு சாண் நீளம் கூட. மச்சான் காலி நகருக்குப் போகும் பெரிய வீதிக்கு ஓடி, நின்றிருந்த ஒரு ஓட்டோக்காரரிடம் கம்பியை இறுக்கும் சின்னத் திருகு ஒன்று வாங்கி வந்தான். ஓட்டோக்காரர்களின் பெட்டியில் அது எப்போதும் இருக்கும். கம்பியை அளவுக்கு வெட்டி, கீழ் முனையில் அந்தத் திருகைப் பூட்டி, மிச்ச நுனியை மடித்து மறுபடியும் அதே துவாரத்தில் செலுத்தி இறுக்கினோம். அண்ணன் லீவரை இருபது தடவை முழுப் பலத்தோடு பிடித்து விட்டுப் பார்த்தார், வழுக்குகிறதா என்று. பிறகுதான் கையை எடுத்தார். காசு கொடுக்கப் போனேன், என் தலையில் லேசாகத் தட்டிவிட்டுத் தன் வண்டியிடம் போய்விட்டார்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் என்னைத் திட்டுவீர்கள். கிளச்சுக்கு இப்படி ஒட்டுவேலை பார்க்கலாம், அறுந்தால் ஓரமாக வந்து நிற்கலாம். பிரேக், டயர், ஹாண்டில், திருகினால் திரும்பி வராத அக்சிலேட்டர், இவற்றில் ஒன்று பழுது என்றால் சரியான பாகம் போட்டுத் திருத்துங்கள், முடியாவிட்டால் வண்டியை லொறியில் ஏற்றுங்கள். அங்கே உங்கள் உயிர் மட்டும் ஓடவில்லை. அதேபோல, நிலாவெளி வீதியில் இரவில் பறக்கிற பொடியன்களுக்கு நான் ஆதரவு என்றும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த வீதியில் ஆட்கள் நடக்கிறார்கள், மாடு படுக்கிறது. வேகம் வேண்டுமென்றால் ட்ராக்குக்குப் போங்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் ரேஸில் கடைசி வரிசையில் நின்று புறப்பட்டு 16ஆவதாக வந்தேன், ஓடியது 19 பேர். இரண்டாவது ரேஸுக்கு முன் எஞ்சினைத் தாங்கும் போல்ட் ஒன்று தளர்ந்திருந்ததை மச்சான் கண்டான். ஊரிலேயே ஒவ்வொரு போல்ட்டுக்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போட்டிருந்தோம், கோடு விலகியிருந்தால் போல்ட் சுழன்றிருக்கிறது என்று அர்த்தம். ஒரு ரூபா செலவில்லாத வேலை, அவசியம் செய்யுங்கள். அந்த ரேஸில் 11ஆவது.

இதை ஊரில் சொன்னபோது ஒரு உறவினர் கேட்டார், "அதுக்கு என்ன தந்தாங்க?" ஒன்றும் தரவில்லை. சரி, அதுகூடப் பரவாயில்லை. என் மனதில் கிடக்கும் வேறொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எங்கள் பக்கம் படிப்பு ஏறாத பிள்ளையைத்தான் கராஜுக்கு அனுப்புவார்கள். கல்யாணப் பேச்சில் "மாப்பிள்ளை மெக்கானிக்" என்றால் தேநீர் ஆறுவதற்குள் எழுந்து போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். என் மாமா 300 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்து, வண்டியைக் காணாமல், சத்தம்கூடக் கேட்காமல், மூன்று கேள்வியில் நோயைச் சொன்ன மனிதர். கண்ணுக்குத் தெரியாத வெற்றிடத்தை அவர் மனதால் பார்த்தார். அதை அறிவு என்று சொல்ல ஏன் நமக்கு வாய் வருவதில்லை? கை கறுத்திருப்பதாலா? அவருடைய கராஜில் இப்போது இரண்டு பொடியன்கள்தான் பழகுகிறார்கள். மூன்றாவது ஒருவன் நல்ல கைக்காரன், வீட்டில் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை நான் கராஜுக்குப் போனபோது மாமா ரேஸைப் பற்றிக் கேட்கவில்லை. "அந்த ரப்பரக் கொண்டாங்க" என்றார். கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கருவிப் பலகையில் ஸ்பனர்களுக்கு நடுவே ஓர் ஆணியில் மாட்டினார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் வண்டி காபரேட்டரா, ஊசி முறையா, எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று கேள்வியில் எழுதவில்லை. எழுதுங்கள். கேபிள், செயின், பிளக் மூன்றையும் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போட்டால் மாமாவிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன்.