ஆத்தங்குடி பெரிய வீட்டுக்கு டிக்கெட் வாங்கி உள்ளே போவது வீண் செலவா?

ஆத்தங்குடிப் பெரிய வீடு, செட்டிநாட்டுச் செட்டியார்கள் கட்டிய அரண்மனை போன்ற பழைய வீடுகளில் ஒன்று. வெளியிலிருந்தே ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதாதா, காலியாகக் கிடக்கும் வீடுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடிக்குக் காரில் வந்து, மதியச் சாப்பாட்டுக்கு முன் ஊரைச் சுற்றிவிடும் திட்டமாக இருக்கும் என்று நினைக்கிறேன். நான் ஆத்தங்குடிக்காரன். உள்ளே போங்கள். அந்தப் பணம் வீண் இல்லை.

சென்ற ஆண்டு மகளோடு நானும் டிக்கெட் வாங்கித்தான் போனேன். எல்லோரும் மேலே நிமிர்ந்து மரவேலைப்பாட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்துத் தெருவில் என் அப்பத்தா வேலை பார்த்த வீடுதான் நினைவுக்கு வந்தது. அதுவும் இதே அமைப்புதான்: முகப்பு, அதைத் தாண்டினால் வளவு என்கிற வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண்கள், மணமான மகன் ஒவ்வொருவருக்கும் ஓர் அறை. பெரிய குடும்பம் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு தம்பதிக்கும், அடுப்பு தனி.

மழை வந்தால் அந்த வளவைப் பார்க்க வேண்டும். நாலு பக்கத்து ஓட்டுக் கூரையிலிருந்தும் தண்ணீர் மூலைக்கு ஓடிவந்து கொட்டும். "முதல் தண்ணீரை ஓடவிடு, பிறகு அண்டாவை வை" என்று அந்த வீட்டு ஆச்சி உள்ளிருந்து குரல் கொடுப்பார். அப்பத்தா செப்பு அண்டாக்களை இழுத்து வைப்பார். மிச்சத் தண்ணீர் வடிகால் வழியே தெருவுக்குப் போய், ஊருணியில் சேரும். அது வறண்ட சீமை ஐயா. குடிக்கும் நீரைக் கூரையிலேயே பிடிக்கத் தெரிந்தவர்கள் கட்டிய வீடுகள் அவை. கோடை விடுமுறையில் பிள்ளைகள் நாங்கள் பட்டாசாலை என்கிற கூடத்துத் தரையில் வெற்று முதுகோடு படுத்துக்கிடப்போம். அவ்வளவு குளிர்ச்சி.

அந்தத் தரைக்குக் கல், அதாவது ஆத்தங்குடி டைல்ஸ், போட்டவர்களில் எங்கள் ஐயாவும் ஒருவர். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, உள்ளே அச்சை இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்ட் கரைசலைக் கையால் ஊற்றுவார். அச்சை எடுத்தபின் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, மேலே கலவை போட்டுக் கரண்டியால் மட்டம் செய்வார். காய்ந்ததும் பல நாள் தண்ணீர்த் தொட்டியில் கிடக்க வேண்டும். அடுப்பில் சுடுவதே இல்லை. கண்ணாடியின் வழவழப்புதான் கல்லின் முகத்தில் இறங்குகிறது. இன்றும் ஊரில் பட்டறைகள் உண்டு, போய்ப் பாருங்கள்.

செட்டியார் வீட்டுப் பெருமை உனக்கெதற்கு, எல்லாம் பர்மா வட்டிப் பணம்தானே என்று யாராவது வருவார்கள். செட்டியார்கள் பர்மாவில், இன்றைய மியான்மரில், வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள்; 1930களின் உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் கீழ்ப்பர்மா உழவர்களின் நிலம் பெருமளவில் அவர்கள் கைக்குப் போனது உண்மை. நான் அதை மறைக்கவில்லை. ஆனால் சுண்ணாம்பு அரைத்தவரும் தேக்கை இழைத்தவரும் கல் போட்டவரும் வட்டி வாங்கவில்லை. அவர்களுடைய கைவேலையைத்தான் நீங்கள் பார்க்கப் போகிறீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பூட்டிக் கிடக்கும் வீடுகளின் முன் நின்று "பேய் பங்களா" என்று வீடியோ போடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 1942இல் ஜப்பான் பர்மாவுக்குள் நுழைந்ததும் செட்டியார்களின் தொழில் நொடித்தது. பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். ஒரு வீட்டில் பல பங்காளிகளுக்குப் பங்கு. யார் செலவு செய்து ஓடு மாற்றுவது? அதனால் பூட்டு தொங்குகிறது. முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திறந்து விளக்கேற்றுகிறார்கள். தாக்குப்பிடிக்க முடியாதவர்கள் பிரித்து விற்கிறார்கள். அந்தத் தூணையும் கதவையும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் நீங்களே பார்க்கலாம். 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் ஏறின. அதனால் எந்த வீட்டுக்கும் ஓடு வந்துவிடவில்லை.

காலையிலேயே போங்கள். வளவுக்குள் காலை வெயில் விழும் நேரம் அதுதான். செருப்பைக் கழற்றிவிட்டு நடங்கள்.